மூன்றாம் தண்ணீர்

எல்லம்மா யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். பால்காரர் ஆழாக்கை நீட்டினால் அதற்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் தன் செம்பை நீட்டுவாள். எண்ணெய் வாங்கப் போனால் செக்குக்காரனை முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் காட்டச் சொல்வாள். பூந்தமல்லி வியாபாரி மல்லிகைக்குத் தராசைத் தூக்கும்போது அவள் கண் பூவின்மேல் இருக்காது, அவனுடைய சுண்டுவிரலின்மேல் இருக்கும். புருஷன் செத்த அன்று ஊரே வாயில் அடித்துக்கொண்டு அழ, இவள் மட்டும் அவன் மூக்கருகே விரலை வைத்து நன்றாகச் சோதித்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவள் அதை மறுத்ததும் இல்லை.

இப்பேர்ப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒருத்தியை. வேலப்பன்சாவடிக்கு மேற்கே, வேப்பமரத்தடியில் குடியிருந்த முத்துமாரி. வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் அந்தச் சிற்றூருக்கு டாக்டரும் அவள்தான், போலீசும் அவள்தான். வெள்ளிக்கிழமை பம்பை முழங்கினால் முத்துமாரி எல்லம்மாவின்மேல் இறங்குவாள். நாட்டாமை கோதண்டம் கைகட்டி நின்று கேள்வி கேட்பார், எல்லம்மாவின் வாய் பதில் சொல்லும். நாக்கில் கற்பூரம் வைத்து மலையேற்றிய பிறகு எல்லம்மா கண்ணைத் திறந்து, "ஆத்தா இன்னா சொன்னா?" என்று மற்றவர்களைத்தான் கேட்பாள். தன் வாயில் வந்தது தனக்கே தெரியாது. பால்காரரின் ஆழாக்கைச் சந்தேகப்பட்டவள் தன் வாயை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

ஊரில் யாருக்காவது அம்மை போட்டால் அதை வியாதி என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். மருந்து கூடாது, வெளியாள் கூடாது, முகம் சுளித்து ஒரு வார்த்தை கூடாது. வந்தவளை மரியாதையாக வழியனுப்ப மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கால்வாயில் மொண்டு வந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயிலில் காயவைத்த தண்ணீர். அதை ஊற்றுகிற கை எல்லம்மாவின் கை. ஜில்லா போர்டு அனுப்பும் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வருகிறார் என்று தெரிந்தால் பெண்கள் பிள்ளைகளை வைக்கோற்போரில் ஒளித்துவைப்பார்கள். ஒரு தடவை எல்லம்மாவே அந்த மனுஷர் தலையில் ஒரு குடம் சாணித் தண்ணீரைக் கொட்டி அனுப்பியிருக்கிறாள்.

இந்த ஊருக்கு மேலண்டைப் பக்கம், கால்வாய் ஓரமாக ஒரு தோல் ஷாப்பு வந்தது. மெட்ராசில் இருக்கிற ஏதோ கம்பெனியுடையது. ஆரம்பத்தில் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது, ஆனால் கூலி வந்தது, மூக்கும் பழகிக்கொண்டது. அப்புறம் பீப்பாய் பீப்பாயாகப் புது மருந்து வந்து இறங்கியது. பார்க்கக் குங்குமப்பூ நிறத்தில் அழகாக இருக்கும் உப்பு. பட்டையில் மாதக்கணக்கில் ஊறவேண்டிய தோல் இதில் சில நாளிலேயே பதமாகிவிடுமாம். கம்பெனிக்குக் கொண்டாட்டம். தொட்டி கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது பேசாமல் கால்வாயில் போய் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் கோதண்டத்தின் மகன் கோவிந்தனுக்குக் கை முழுதும் கொப்புளம் போட்டது. தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை அவனுக்கு. மேனேஜர் சம்பத் அவன் கையைப் பார்த்தார், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கா கோவிந்தா. நீ வேலை செய்யக் கூடாது, வீட்டுக்குப் போ" என்று ஒரு தேங்காயும் ஒரு கட்டு வேப்பிலையும் கொடுத்து அனுப்பினார். கூலி கிடையாது. அவன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்தான். அவனுக்கும் கொப்புளம் போட்டது, அவனும் வேப்பிலையோடு வீட்டுக்கு வந்தான். கூலிக்குப் பதில் வேப்பிலை கொடுத்த கம்பெனியை அந்த ஜில்லா அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

அந்த வாரமே சம்பத் கோயிலுக்கு வந்தார். செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு வந்து எல்லம்மாவைக் கைகூப்பி, "அம்மா, நமஸ்காரம்" என்றார். கோட்டுப் போட்ட ஒருவர் அவளைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆத்தாவுக்கு ஒரு சிவப்புப் பட்டு, எல்லம்மாவுக்கு ஒரு மஞ்சள் சேலை. ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு மூட்டைகளும் கம்பெனி செலவாம், பம்பைக்காரர் செலவும் கம்பெனியாம். எல்லம்மா சேலையை வாங்கி முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள், கிழிசல் இருக்கிறதா என்று. கிழிசல் இல்லை. அதோடு அவள் சந்தேகம் அன்றைக்கு முடிந்துபோனது.

வெள்ளிக்கிழமை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் சாமி ஆடினாள். "என் புள்ள கையில வந்துகீறது யாரு தாயே?" என்று கோதண்டம் கேட்டார். கண் விழித்த பிறகு அவள் வழக்கம்போல, ஆத்தா என்ன சொன்னாள் என்று கேட்டாள். "தன்னோட வெளையாட்டுதான்னு சொல்ட்டா. வேப்பிலை கட்டி, மூணு தண்ணி ஊத்த சொன்னா" என்றார்கள். எல்லம்மாவும் போய்க் கோவிந்தனுக்கு ஊற்றினாள்.

வைகாசி முடிவில் அது அவள் வீட்டுக்கே வந்தது.

எல்லம்மாவுக்கு ஒரே மகள், வசந்தா. கால்வாய்க்கரையில் இருந்த மல்லிகைக் கொல்லைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும், பூப் பறித்துத் தொடுப்பதும் அவள் வேலை. அவள் தொடுத்த சரம் என்றால் பூந்தமல்லியில் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வானகரத்து லோகநாதன், எல்லம்மாவின் நாத்தனார் ராஜம்மாவின் பிள்ளை. முறை மாப்பிள்ளைதான் என்றாலும் ராஜம்மா லேசுப்பட்டவள் இல்லை. எல்லம்மாவின் புருஷனும் அவளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சந்தேகப்படுவதில் மட்டும் அவள் அண்ணிக்குத்தான் கூடப்பிறந்தவள்.

வசந்தாவுக்குக் கொப்புளம் போட்டதும் வாசலில் வேப்பிலை ஏறியது. ராஜம்மா எட்டி நின்று பார்த்துவிட்டு, "ஆத்தாதானே அண்ணி?" என்று கேட்டாள். எல்லம்மா ஆமாம் என்றாள். முதல் தண்ணீரை ஊற்றினாள்.

"யம்மா, தண்ணி எரியுது" என்றாள் வசந்தா.

எத்தனையோ பேருக்கு ஊற்றிய கை அது. குளிர்ந்துபோச்சு, உயிர் வந்தது என்று சொன்னவர்களைத்தான் எல்லம்மா பார்த்திருக்கிறாள். எரிகிறது என்று சொன்ன ஒருத்தரைப் பார்த்ததில்லை. கோவிந்தனும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான் என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. இரண்டாம் தண்ணீர் ஊற்றிய பிறகு கொப்புளங்கள் உடைந்து, விரல் நுனிகளில் சின்னச் சின்னக் குழியாகப் புண் விழுந்தது. வசந்தாவால் நாரைப் பிடிக்க முடியவில்லை. பறித்த மொட்டுகள் கூடையிலேயே பழுத்துக் கிடந்தன.

எல்லம்மா மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள், சேலையைப் பார்த்தது போல. முகத்தில் ஒரு முத்து இல்லை. முதுகில் இல்லை, வயிற்றில் இல்லை. இரண்டு கையிலும் முழங்கைக்குக் கீழே, இரண்டு காலிலும் கணுக்காலைச் சுற்றி, அவ்வளவுதான். ஆத்தா வந்தால் முகத்தில்தான் முதலில் உட்காருவாள். முழங்கையோடு நிற்க ஆத்தாவுக்கு அங்கே என்ன எல்லைக்கல்லா நட்டிருக்கிறது?

அன்றைக்குப் பிடித்தது சந்தேகம். முதலில் மகளையே சந்தேகப்பட்டாள், தீட்டோடு பூவைத் தொட்டாளோ என்று. அப்புறம் ராஜம்மாவை, கல்யாணத்தைத் தட்டிவிட ஏதாவது செய்துவிட்டாளோ என்று. அதெல்லாம் ஒத்துவரவில்லை. கடைசியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு கால்வாயோடு மேற்கே நடந்தாள். கொல்லையின் கீழ்ப்பாத்திச் செடிகள் கருகியிருந்தன. கரையில் தவளைச் சத்தமே இல்லை. தோல் ஷாப்பின் மதில் ஓரத்தில் ஒரு துவாரத்திலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வசந்தா கொல்லைக்கு மொண்டதும் அந்தத் தண்ணீர், அவள் தலையில் ஊற்றியதும் அந்தத் தண்ணீர். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து மஞ்சள் சேலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று வெள்ளிக்கிழமை தன் வாயில் பேசியது ஆத்தாவா, இந்தச் சேலையா?

யாரிடம் கேட்பது? அவளுக்கு ஒன்றும் தெரியாது. பேசியவள் அவள், கேட்டவர்கள் ஊர்க்காரர்கள்.

மறுநாள் தோல் ஷாப்பு வாசலுக்குப் போனாள். சம்பத் எழுந்து வந்து நாற்காலி போடச் சொன்னார். எல்லம்மா உட்காரவில்லை.

"உங்க தொட்டித் தண்ணி எங்க போவுது?"

"பூமிக்குள்ள இறங்கிடும்மா. ஏன் கேக்கறீங்க?"

"கால்வாய்ல கொட்டுது. நானே பாத்துட்டுதான் வர்றேன். என் பொண்ணு கையில கீறது ஆத்தா இல்ல. உங்க தண்ணி."

சம்பத்துக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எல்லம்மாவுக்குப் பயமாக இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரி பேசினார்.

"அம்மை இல்லைன்னு நீங்களே சொல்லலாமா? அம்மைன்னா ஆத்தா. கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. இல்லைன்னா, விரல்ல குழி விழுந்திருக்கே, அது வேற என்னன்னு ஜனங்க கேப்பாங்களே. பெருநோய், குஷ்டம்னு ஒருத்தன் வாயைத் தொறந்தாப் போதும். ஆவணில கல்யாணம்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுக்கோங்க அம்மா."

எல்லம்மா யோசித்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்தாள். பாவி சொன்னதில் பொய் இல்லை. அம்மை என்று சொன்னால், ஆடிக் கூழுக்கென்று தள்ளிவைத்திருக்கிற மூன்றாம் தண்ணீரை அன்று ஊர் முன்னால் ஊற்றியாக வேண்டும், மகளுக்கு மிச்சமிருக்கிற விரலும் போகும். அம்மை இல்லை என்று சொன்னால் பெருநோய்க்காரி என்று பெயர் கட்டி ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைத்துவிடுவார்கள். கோதண்டத்திடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் பயந்துபோய்க் கதவைச் சாத்தினார். "ஆத்தாவே சொன்னத நீ இல்லைன்றியா? உன் வாயாலதானே சொன்னா? பேசாம கெட எல்லம்மா. கம்பெனி கேவுறு மூட்டை எறக்கிட்டுப் போய்கீது" என்றார். தன் பிள்ளையின் புண்ணுக்குக் கம்பெனியோடு சண்டைக்கு நிற்பதைவிட ஆத்தாவைக் கும்பிட்டுக்கொண்டிருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஆத்தா வந்திருக்கிறாளா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் இன்னொருவர் இருந்தார். அவரைத்தான் எல்லம்மா சாணித் தண்ணீர் ஊற்றி விரட்டியிருந்தாள்.

பூந்தமல்லியில் பூ விற்கப் போகிற சாக்கில் அம்மை குத்துகிற உஸ்மான் கனியின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, இவள் கையில் குடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்த தபா வூடு தேடி வந்து ஊத்தப் போறியா?"

"இல்ல சாய்பு. ஒண்ணு கேக்கணும்."

அவர் வீட்டம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எல்லம்மா அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டுக் குடித்தாள். உஸ்மான் கனி அதைக் கவனித்தார். சிரிக்கவில்லை. எல்லம்மா நடந்ததைச் சொன்னாள். கொப்புளம் எங்கே போட்டது, எங்கே போடவில்லை, முத்து எப்படிப் பழுக்கவில்லை என்பதெல்லாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "கேட்டா அம்மை மாதிரி தெரியல. ஆனா பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

எல்லம்மாவுக்கு அவர்மேலும் சந்தேகம். "தோல் ஷாப்பு மேனேஜரோட நீங்க ரெண்டு தபா டீ குடிச்சீங்களாமே?"

"குடிச்சேன். உங்க ஊருக்கு வர்றப்போ, வழியில நிறுத்திக் குடுத்தாரு. ஊர்ல அருவா தூக்கிகினு நிக்கிறாங்க, போவாதீங்க சாய்புன்னாரு. நானும் நம்பித் திரும்பிட்டேன்."

"ஊர்ல யாரும் நிக்கல."

உஸ்மான் கனி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். தன்னை இரண்டு தடவை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. "நான் சின்ன உத்தியோகக்காரன். கம்பெனி மேல எழுதறதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் கெடையாது. ஆனா கண்ணால பாத்தத வாயால சொல்ல யாரையும் கேக்க வேணாம். எப்ப வரட்டும்?"

"கூழ் ஊத்துற அன்னிக்கு."

"வேற நாளே கெடைக்கலியா உனக்கு? என் சைக்கிள்கூட திரும்பி வராது."

"ஊர் கூடறது அன்னிக்குத்தான். அந்த ஊசியயும் எடுத்துகினு வாங்க" என்று சொல்லிவிட்டு எல்லம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஊசி எதற்கு என்று அவள் சொல்லவில்லை, அவரும் வருவாரோ மாட்டாரோ என்று வழி முழுவதும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தடியில் கூழ்ப்பானைகள் வரிசையாக இருந்தன. வானகரத்திலிருந்து ராஜம்மாவும் லோகநாதனும் வந்திருந்தார்கள். சம்பத்துக்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, ஆத்தாவுக்கு நேரே நிற்கவைத்திருந்தார்கள். வசந்தா ஈர மஞ்சள் துணியோடு மனையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மூன்றாம் தண்ணீர்க் குடம். பம்பை முழங்கியது. எல்லம்மா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கூந்தலை அவிழ்த்துவிட்டு நின்றாள்.

ஆத்தா வரவில்லை.

பம்பைக்காரர்கள் அடியை உயர்த்தினார்கள். வியர்வை வழிந்ததே தவிர உடம்பில் ஒரு நடுக்கம் இல்லை. ஆடுவதுபோல ஆடியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஊற்றாதே என்று ஆத்தா வாயாலேயே சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும், கோதண்டமே விழுந்து கும்பிடுவார். அந்த ஆசை அவளுக்கு வந்தது. ஆனால் தன் வாய்மேல் வந்த சந்தேகத்துக்கு இன்னும் ஒரு பொய்யைத் தீனி போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கையைத் தூக்கிப் பம்பையை நிறுத்தினாள்.

"தாயே, மூணாந்தண்ணி ஊத்தலாமா?" என்று கோதண்டம் கேட்டார்.

"ஆத்தா வரல அண்ணாத்தே. நான் எல்லம்மாதான் பேசறேன். இந்தத் தண்ணி என் பொண்ணு மேல ஊத்தக் கூடாது. இது ஆத்தா இல்ல. தோல் ஷாப்புத் தொட்டிலேர்ந்து வர்ற வெசம். என் பொண்ணு கையிலயும் அதான், உன் புள்ள கையிலயும் அதான்."

சம்பத் மாலையைச் சரிசெய்துகொண்டு, வருத்தப்படுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார். "அப்போ பொண்ணுக்கு விரல்ல குழி விழறதே, அது என்ன வியாதி?" என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டாலும் எல்லோருக்கும் கேட்டது. ராஜம்மா தன் மகன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மனைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மனையில் வசந்தா மட்டும் இருந்தாள்.

எல்லம்மா சாலைப் பக்கம் பார்த்தாள். புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உஸ்மான் கனி நின்றிருந்தார். வந்துவிட்டார்.

"சாய்பு, இங்க வாங்க" என்றாள்.

பெண்கள் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். ஒருவன் கல்லைக்கூட எடுத்துவிட்டான். எல்லம்மா நடுவில் போய் நின்றுகொண்டதால் எறியவில்லை. உஸ்மான் கனி வசந்தாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலைப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். "இது அம்மை இல்ல. இருவது வருசமா அம்மைய பாக்கறவன் சொல்றேன்" என்றார்.

"பெருநோயா?" என்று கேட்டது ராஜம்மா.

"அந்த நோய் வந்த எடத்துல உணர்ச்சி இருக்காதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் ராஜம்மா" என்றாள் எல்லம்மா. "ஊசில குத்துனாலும் தெரியாது. சாய்பு, குத்துங்க. ஒவ்வொரு விரலா குத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

வசந்தா அம்மாவைப் பார்த்தாள். வைக்கோற்போரில் தன்னை ஒளித்துவைத்த அம்மா. கையை நீட்டினாள். உஸ்மான் கனி ஊசியை நெருப்பில் காட்டிவிட்டு, புண்ணின் ஓரத்தில், சுண்டுவிரலில் குத்தினார்.

வசந்தா வீறிட்டாள். அடுத்த விரலுக்கும் வீறிட்டாள். கையை இழுத்துக்கொண்டு, "யம்மா, வேணாம், வலிக்குது" என்று அழுதாள். பெற்ற பிள்ளை வலியில் கத்துவதைக் கேட்டு ஒரு தாய்க்கு மனம் குளிர்ந்த நாள் அது. எல்லம்மா அவள் கையை விடவில்லை. அடுத்த கையையும் பிடித்துக் கொடுத்தாள். பத்து விரலுக்கும் அந்தப் பெண் கத்தினாள், ஒவ்வொரு கத்தலுக்கும் எல்லம்மாவுக்குக் கண்ணீர் கொட்டியது, வாய் மட்டும், "கத்துடி, நல்லாக் கத்து" என்றது.

கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வேப்பிலை கட்டிய வாசலிலிருந்து கோவிந்தனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார். "இவனுக்கும் ஒரு தபா குத்து சாய்பு" என்றார். கோவிந்தன் ஆண்பிள்ளை, கத்தவில்லை, ஆனால் துள்ளி எழுந்துவிட்டான். அதற்குப் பிறகு யார் யாரோ முந்தானையை விலக்கிக்கொண்டு, வேட்டிக்குள் மறைத்த காலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஆத்தா என்றும் சொல்ல முடியாமல், வேறு பெயர் வந்துவிடும் என்று பயந்துகொண்டு அவரவர் வீட்டுக்குள் வைத்திருந்த புண்கள். அந்த ஊரில் ஒரு பிள்ளையைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாத உஸ்மான் கனியின் ஊசிக்கு அன்று கூட்டம் நெரிந்தது.

அம்மை இல்லை. பெருநோயும் இல்லை. அப்புறம் என்ன என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் சம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பரிவட்டம் கட்டிய தலை என்பதால் அடிக்கவில்லை. அவர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த பானைமேல் வைத்துவிட்டுத் தோல் ஷாப்பைப் பார்த்து நடந்தார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடி மண்ணும் கல்லும் கொட்டித் துவாரத்தை அடைத்தது. மஞ்சள் தண்ணீர் திரும்பிப் போய்க் கம்பெனி முற்றத்திலேயே நின்றது. கம்பெனி போலீசைக் கூப்பிட்டது. போலீஸ் வந்த சங்கதி ஜில்லா போர்டு வரை போய், ஹெல்த் ஆபீசர் ஒருவர் மோட்டாரில் வந்து இறங்கினார். "துவாரத்தை அடைக்கச் சொன்னது யார், அம்மனா?" என்று அவர் எல்லம்மாவைக் கேட்டார். அம்மன் என்று சொன்னால் மதவிஷயம் என்று விட்டுவிடுவார்கள், அப்படியே சொல் என்று கோதண்டம் முன்னாலேயே காதைக் கடித்திருந்தார். எல்லம்மா அந்த உபகாரத்தை ஏற்கவில்லை. "அம்மன் ஒண்ணும் சொல்லல தொர. நான்தான் சொன்னேன். எல்லம்மான்னு எழுதிக்கோங்க. கம்பெனிக்காரங்க யாரு சொல்லித் தொறந்தாங்கன்னும் கேட்டு எழுதிக்கோங்க" என்றாள்.

கம்பெனி மூடப்படவில்லை, அந்தக் காலத்தில் யார் எதை மூடினார்கள்? ஆனால் கழிவுத் தண்ணீருக்குத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே தொட்டி கட்ட வேண்டியதாயிற்று. புண் வந்து வீட்டில் கிடந்தவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. கால்வாய்க்கு எட்டாத இடத்தில் ஊருக்கு ஒரு கிணறும் வெட்டித் தந்தார்கள். தப்பு எங்களுடையது என்று ஒரு வார்த்தை மட்டும் கடைசிவரை அவர்கள் வாயில் வரவில்லை. கிணற்றுச் சுவரில் கம்பெனியின் பெயரைப் போட்டு 'உபயம்' என்று கல்வெட்டுப் பதித்துவிட்டுப் போனார்கள்.

அதைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்ட எல்லம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "உபயமா? குடுத்தவன் மனசு வந்து குடுத்தா உபயம். இது தெண்டம். தப்பு பண்ணவன் கட்டுன தெண்டம்" என்று சொல்லிக் கல்லின்மேல் ஒரு கை சாணியை அறைந்தாள். அன்றிலிருந்து அதற்குத் தெண்டக் கிணறு என்றே பெயர். சாணி காய்ந்து விழுந்தால் யாராவது மறுபடி பூசிவிடுவார்கள்.

ஊர்க்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அன்று பேசியது ஆத்தாதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். எல்லம்மா எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. ஒரு பூக்காரிக்கு அவ்வளவு தைரியம் ஏது என்பது அவர்கள் கட்சி.

கல்யாணம் ஆவணியில் நடக்கவில்லை, தை வரை தள்ளிப்போனது. பெண்ணைப் பார்க்க வந்த ராஜம்மா மடியிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, பேச்சுவாக்கில் வசந்தாவின் விரலில் சுருக்கென்று குத்திப் பார்த்தாள். வசந்தா கத்தியதும் திருப்தியாகத் தட்டை மாற்றிக்கொண்டாள். எல்லம்மாவுக்கு நாத்தனார்மேல் அன்றுதான் உண்மையான மதிப்பு வந்தது.

வசந்தாவின் கை ஆறியது. விரல் நுனிகளில் குழித்தழும்பு அப்படியே இருந்தது. சரம் தொடுக்கிற வேகம் திரும்பவே இல்லை. வலது சுண்டுவிரல் மடங்கினது மடங்கினதுதான். அதற்கு எந்தக் கிணறும் ஈடில்லை என்று எல்லம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நலங்கு வைக்கிற நாள் காலையில், பாக்கியிருந்த மூன்றாம் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று வசந்தா கேட்டாள். அம்மை இல்லாவிட்டால் என்ன, ஆரம்பித்ததை முடிக்காமல் மனையில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. எல்லம்மா தெண்டக் கிணற்றில் ஒரு குடம் இறைத்து வந்தாள். வேப்பிலை போட்டாள், மஞ்சள் போட்டாள், வெயிலில் வைத்தாள். பிறகு மோந்து பார்த்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். முழங்கைவரை தன் கையை உள்ளே விட்டு, அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மேற்கே தோல் ஷாப்பின் புகை போய்க்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, இன்னுமா சந்தேகம்?" என்றாள் மனையில் குனிந்து உட்கார்ந்திருந்த வசந்தா.

"கீது" என்றாள் எல்லம்மா. கையை வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, மகள் தலையில் ஊற்றினாள்.